மயில் கழுத்துக் கலர் எங்கே போச்சு?

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் ஓர் ஆர்ட் கேலரிக்குள் நின்று நான் கத்தினேன்.

ஆமாம், கத்தினேன். 'குரல் சற்றே உயர்ந்துவிட்டது' என்று நாகரிகமாக எழுதிப் பார்த்தேன். அது பொய். தெருவில் சைக்கிளில் போன ஒரு வெள்ளைக்காரர் பிரேக் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "மேம், ப்ளீஸ்... இது ஒரு சைலன்ட் ஸ்பேஸ்" என்றார் அங்கிருந்த தம்பி. அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகவே கத்தினேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நான் அப்படியொன்றும் சண்டைக்காரி இல்லை. திருப்பூரில், முதலிபாளையம் போகிற வழியில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு எலாஸ்டிக் வியாபாரம் — உங்கள் ஜட்டி இடுப்பில் நிற்கிறதே, அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கு அவருக்குச் சேரும். நான் புத்தகம், கச்சேரி, கண்காட்சி, பழைய கட்டடம் என்று அலைகிறவள். ஓவியத்துக்கு முன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒன்றும் புரியாவிட்டாலும் "ம்ம்ம்..." என்று சொல்லிக்கொண்டு நிற்பார்களே, அந்த ரகம்.

அப்படிப்பட்டவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கும் வரும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் செல்வி இருக்கிறாள். திசையன்விளைப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷனுடன் திருப்பூருக்கு வந்தவள், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். தைத்து வருகிற உடுப்பை மேஜையில் விரித்து, நூல் பிசிறு, ஓட்டை, கறை என்று பார்த்துக் கழித்துக் கட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டேதான். காலையில் கம்பெனி வேன் எங்கள் தெருமுனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும். செல்வி சீப்பைத் தலையில் செருகிக்கொண்டே ஓடுவாள்.

அந்த வேனில் தினமும் போய் வருகிற பெண்கள் பதினெட்டுப் பேர். தேனிக்காரி, திண்டுக்கல்காரி, உள்ளூர்க்காரிகள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிற ஒடிசாப் பெண் ஒருத்தி. இவர்கள் போன வருஷம் ஆயுத பூஜை விடுமுறைக்கு ஒரு டூர் போவதென்று முடிவெடுத்தார்கள். கோயிலுக்கு இல்லை. வேண்டுதலுக்கு இல்லை. சும்மா... ஊர் பார்க்க. பாண்டிச்சேரிக்கு.

"பாண்டிச்சேரிக்கா?" என்று வேன்காரப் பெண்களின் புருஷன்மார்கள் எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்களாம். ஒரு நமட்டுச் சிரிப்போடு. ஆண்களுக்குப் பாண்டிச்சேரி என்றால் ஒரே ஒரு காரணம்தானே தெரியும்? செல்வியின் புருஷன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பொம்பளைங்களுக்குத் தனியா அங்க என்ன சோலி?" என்று மாமியார் ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்டார். செல்வி என் வாசல்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"நான் இதுவரைக்கும் எங்கக்கா போயிருக்கேன்? கல்யாணத்துக்குப் போயிருக்கேன், எளவுக்குப் போயிருக்கேன், கோயில் கொடைக்குப் போயிருக்கேன். எனக்காவன்னு ஒரு நாளு போனதில்லக்கா. இந்த ஒரு நாளு எனக்கு வேணும்."

வாங்கிவிட்டாள். சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அந்த ஒரு நாளை வாங்கிவிட்டாள்.

அடுத்து வந்தது சேலைப் பிரச்சினை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டமாக ஒரு டூர் போனால், எல்லாரும் ஒரே மாதிரி சேலை எடுப்பார்கள். ஒரே கலர், ஒரே பார்டர், ஒரே டிசைன். கும்பலில் யாரும் தொலைந்துபோகாமல் இருக்க என்று ஆண்கள் கிண்டல் செய்வார்கள். அதற்கு இல்லை. 'நாங்கள் எல்லாரும் ஒரு செட்டு' என்று ஊருக்குச் சொல்ல. பள்ளியில் சீருடை போட்டதும் கம்பெனியில் ஓவர்கோட் மாட்டுவதும் அடுத்தவர் சொல்லி. இது தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே அடித்துக்கொண்டு, தாங்களே உடுத்துவது.

அடித்துக்கொண்டார்கள் என்றேன் இல்லையா? அது சாதாரண அடிதடி இல்லை. வேன் இரண்டு கட்சியாக உடைந்தது. ஒரு கட்சி தக்காளிச் சிவப்பு. இன்னொரு கட்சி மயில் கழுத்துக் கலர். பச்சையா நீலமா என்று யாராலும் சொல்ல முடியாதே, அந்தக் கலர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு சோபாவில் மாதிரிச் சேலைகள் விரித்துக் கிடக்கும். "நீங்க படிச்சவிய, நீங்களே சொல்லுங்கக்கா" என்று என்னை நடுவராக்கினார்கள். நான் மயில் கழுத்துக்கு ஓட்டுப் போட்டேன். தக்காளிக் கட்சித் தலைவி அதன்பிறகு என் வீட்டில் காப்பி குடிப்பதையே நிறுத்திவிட்டாள். ஆனாலும் கடைசியில் மயில் கழுத்துதான் ஜெயித்தது. மாம்பழ மஞ்சளில் பார்டர். அதில் வரிசையாக அன்னப்பறவைகள்.

முதலாளி பெரிய மனசு பண்ணி அதே கம்பெனி வேனைக் கொடுத்தார். அதே டிரைவர் அண்ணன். போனார்கள், வந்தார்கள். திரும்பி வந்த செல்வி ஒரு மாதத்துக்கு வேறு எதையும் பேசவில்லை.

"அக்கா, அங்கன மஞ்சச் செவரு போட்ட தெருவு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒவ்வொரு கலரு. காயிதப்பூ அப்படியே கொட்டிக் கெடக்கு. நீங்க கண்டிப்பா போவணும். உங்களுக்குன்னே கெட்டி வச்ச மாதிரி இருக்கு."

பார்த்தீர்களா? கலை, கலாசாரம் என்று ஊரெல்லாம் சுற்றுகிற எனக்கு, அந்தத் தெருவை சிபாரிசு செய்ததே செல்விதான்.

போன வாரம்தான் நேரம் வாய்த்தது. நானும் வீட்டுக்காரரும் போனோம். செல்வி சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. மஞ்சள் சுவர், நீலக் கதவு, காகிதப்பூ, தெருமுனையில் கடல். நான் அப்படியே கரைந்துபோனேன்.

அந்தத் தெருக்களில் நடமாடும் மனிதர்கள்தான் கொஞ்சம் வேடிக்கை. கசங்கிய பருத்திச் சட்டை, தோளில் ஜோல்னாப்பை, காலில் செருப்பு இல்லை. ஒருவர் கிடார் வைத்திருக்கிறார், வாசிக்கவில்லை. கல்யாணமாகப் போகிற ஒரு ஜோடி மஞ்சள் சுவரைத் தள்ளுவதுபோல நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. யாருக்கும் அவசரம் கிடையாது. என் வீட்டுக்காரர் மட்டும், போகிற வருகிறவர்களின் டீ-ஷர்ட் கழுத்துப்பட்டியை எட்டி எட்டிப் பார்த்து, "நம்மூர்ச் சரக்கு... இதும் நம்மூர்ச் சரக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரவருக்கு அவரவர் கலாசாரம்.

மத்தியானம் அந்தத் தெருவிலேயே ஒரு கஃபேயில் உட்கார்ந்தோம். பெரிய மாமரம், பிரம்பு நாற்காலி. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரர் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. லேசாகக் குறட்டைகூட. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் அங்கே பரிமாறிய பையன் என்ன செய்தான் தெரியுமா? உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு ஸ்டாண்ட் ஃபேனை இழுத்துவந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். எவ்வளவு நல்ல ஊர் என்று நெகிழ்ந்துபோனேன்.

இந்த ஃபேனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம், செல்வி சொன்ன அதே தெருவில் ஒரு கேலரி. வெள்ளைச் சுவர், மங்கலான விளக்கு, ஊதுவத்தி வாசனை. புகைப்படக் கண்காட்சி. எல்லாம் கறுப்பு வெள்ளை. மீனவர்கள், பிச்சைக்காரர், ஒற்றைச் செருப்பு, கிழிந்த கொடி. நான் வழக்கம்போலத் தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடைசிச் சுவரில் பெரிதாக ஒரு படம். ஒரு வேனுக்குள் பெண்கள் தூங்குகிறார்கள். ஒருத்தி தோளில் இன்னொருத்தி, அவள் தோளில் மற்றொருத்தி. எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சேலை. கண்ணாடி ஓரமாக இருந்தவள் வாய் பிளந்து கிடக்கிறாள். மடியில் ஒரு காகிதக் காற்றாடி. கீழே ஆங்கிலத்தில் ஓர் அட்டை. தலைப்பு: 'தூங்கும் இயந்திரங்கள்.' அதன் கீழே: 'தனக்கென ஓர் உடைகூட மறுக்கப்பட்ட தொழிற்சாலைப் பெண்கள். இரவு ஷிப்ட் முடிந்து. திருப்பூர்.'

"த்சொ..." என்றேன் நான். மனசு கனத்தது. வெளிச்சமும் நிழலும் பிரமாதமாக விழுந்திருந்தன.

"இது நம்மூரே இல்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"திருப்பூர்னு போட்டிருக்குதுங்களே."

"போட்டா ஆச்சா? வேன் கண்ணாடியில பாரு. வளைவு வெச்ச கதவு தெரியுது. நம்மூர்ல எங்கீது இந்த மாதிரிக் கதவு?" என்றவர், திரும்பி வாசல் வழியாகத் தெருவைக் காட்டினார். எதிர்வீடு. அதே வளைவு. அதே உடைந்த ஜன்னல் பலகை.

நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். இந்தமுறை தலையைச் சாய்க்காமல் பார்த்தேன். சேலை பார்டரில் வரிசையாக அன்னப்பறவைகள். என் சோபாவில் இரண்டு மாதம் கிடந்த அன்னப்பறவைகள். வாய் பிளந்து தூங்குகிறவள்... செல்வி!

அங்கேதான் நான் கத்தினேன்.

படம் எடுத்தவர் வேறு யாருமில்லை, அந்த சைலன்ட் ஸ்பேஸ் தம்பியேதான். முப்பது வயதுக்குள் இருக்கும். குடுமி, தாடி, மெல்லிய குரல். கெட்டவர் மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏனுங்க தம்பி, இந்தப் படத்தை எங்க எடுத்தீங்க?"

"இங்கதான் மேம், இந்தத் தெருவுல. போன வருஷம்."

"அப்புறம் திருப்பூர்னு போட்டிருக்கறீங்க?"

"வேன்ல கம்பெனி பேரும் திருப்பூர்னும் எழுதியிருந்துச்சு மேம்."

"நைட் ஷிப்ட் முடிஞ்சுதுன்னு யாருங்க சொன்னாங்க?"

"தூங்கிட்டு இருந்தாங்களே..."

கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. திருப்பூரில் இரவு ஷிப்ட் முடிந்து, வேன் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, மத்தியானம் பாண்டிச்சேரி கடற்கரைத் தெருவில் இறங்காமல் தூங்குகிறார்களாம்! 'வேலைக்கு எங்கேயோ ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன் மேம்' என்கிறார். பதினெட்டுப் பெண்கள் ஊர் பார்க்க வந்திருப்பார்கள் என்று ஏன் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை? அந்தத் தெருவில் அன்றைக்கு வந்த வண்டிகள் எல்லாமே அதற்குத்தானே வந்திருக்கும்?

"அவங்ககிட்டக் கேட்டீங்களாங்க?"

"எழுப்பினா அந்த மொமென்ட் போயிடும் மேம். நான் அவங்க வலியை ஃபீல் பண்ணேன். அந்தக் காற்றாடி பாருங்க... பறிபோன குழந்தைப் பருவம்."

காற்றாடி செல்வியின் மகனுக்கு வாங்கியது. டூர் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் சொருகி, பையன் சுற்றவிட்டு விளையாடினான். எப்படிப் பறிபோயிற்று என்று எனக்கும் விளங்கவில்லை.

அதற்குள் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கைத்தறிச் சேலை, பெரிய வெள்ளிக் கம்மல், தோளில் ஜோல்னாப்பை — கண்ணாடியில் பார்த்தால் நான்தான் என்று சொல்கிற மாதிரி ஓர் அம்மையார், என் கையை மென்மையாகத் தொட்டார். "கோபப்படாதீங்க. இந்த வொர்க் அவங்களுக்கு ஒரு குரல் கொடுக்குது இல்லையா?" என்றார்.

"தூங்கறவங்களுக்கு என்னங்கம்மா குரல்? முழிச்சிருந்தப்போ பேசியிருந்தா, குரல் அவங்ககிட்டயே நெறைய இருக்குதுங்க" என்றேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் களைப்பே கிடையாது, எல்லாரும் ஆடிப்பாடித்தான் பனியன் தைக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரவு ஷிப்ட் உண்டு. நின்று நின்று வீங்கிய கால்கள் உண்டு. பஞ்சுத் தூசியில் இருமல் உண்டு. இதே பக்கத்தில் நானே எழுதி, சில முதலாளிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அதையெல்லாம் படம் எடுங்கள். தாராளமாக. திருப்பூர் வாருங்கள், கேளுங்கள், எடுங்கள். ஆனால் வருஷம் முழுக்க உழைத்தவள், வீட்டில் சண்டை போட்டுத் தனக்கென்று ஒரே ஒரு நாளை வாங்கி வந்தால், அந்த நாளையும் பிடுங்கி 'இரவு ஷிப்ட்' என்று எழுதுவீர்களா?

கஃபேயில் என் வீட்டுக்காரர் வாய் பிளந்து தூங்கினார். அவர் பக்கம் ஒரு ஃபேனைத் திருப்பினார்கள். அதே தெருவில் செல்வி வாய் பிளந்து தூங்கினாள். அவள் பக்கம் ஒரு கேமராவைத் திருப்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர் தூங்கினால் அது விடுமுறை. செல்வி தூங்கினால் அது சமூகப் பிரச்சினை. யார் பயணி, யார் பரிதாபம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சுழல் ஸ்டாண்ட். அதில் செல்வி, தபால் அட்டைகளாக. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிதானமும் போய்விட்டது. "இப்பவே இந்தப் படத்தைக் கழட்டுங்க. இல்லாட்டி நானே கழட்டுவேன்" என்று சுவரை நோக்கி நடந்தேன்.

வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "இரும்மா. நீயும் நானும் எதுக்குச் சண்டை போடோணும்? அந்தப் பொண்ணையே கேட்டுப் போடலாம்" என்று போனை எடுத்தார்.

எனக்கு உறைத்தது. செல்வியைக் கேட்காமல் எடுத்தார் என்று கத்துகிற நான், செல்வியைக் கேட்காமல் கழற்றப் போனேன்!

வீடியோ கால். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில்தான் இருந்தாள். துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி, போனைப் படத்தின் பக்கம் திருப்பினேன்.

முதலில் சத்தமாகச் சிரித்தாள். கேலரியே எதிரொலித்தது. "ஐய... எம் மூஞ்சியா அது? வாயப் பொளந்துக்கிட்டு... எங்க வீட்டுக்காரரு பாத்தா செத்தேன்! பக்கத்துல பொன்னுத்தாயி, எச்சி ஒழுவுதுக்கா அவளுக்கு!"

பிறகு கேட்டாள். "ஆமா, ஏன்க்கா கருப்பு வெள்ளையா இருக்கு?"

நான் அட்டையில் எழுதியிருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தத் தம்பிகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.

"தம்பி, நாங்க அன்னைக்கி வேலைக்கு வரல. டூருக்கு வந்தோம். ராத்திரி முச்சூடும் வண்டில பாட்டுப் போட்டு ஆடிக்கிட்டே வந்தோம். வெடியக்காலம் கடல் பாத்தோம். உங்க தெருவுல ஒரு கதவு விடாம நின்னு போட்டோ எடுத்தோம். புளியோதரயச் சாப்புட்டுட்டு செத்த நேரம் கண்ணசந்தோம். அதப் போயி இப்படி எழுதிட்டியள..."

"அக்கா, நான் உங்களுக்காகத்தான்..."

"எனக்காவன்னா எளுப்பிருக்கணும்லா தம்பி? நல்லாப் பொட்டு வச்சு, வரிசையா நின்னு சிரிச்சிருப்போம்லா? என்னமோ உடுத்தத் துணியில்லாம எங்களுக்கு மொதலாளி ஒரே சேலையக் கெட்டி விட்டுருக்காருன்னு எழுதிருக்கிய. அந்தச் சேலைக்கு நாங்க போட்ட சண்ட உங்களுக்குத் தெரியுமா? அக்காகிட்டக் கேளுங்க."

தம்பி என்னைப் பார்த்தார். நான் மயில் கழுத்துக் கதையைச் சொன்னேன். இரண்டு கட்சிகள், சோபா, அன்னப்பறவை, காப்பி நிறுத்தம் எல்லாம். வெள்ளிக் கம்மல் அம்மையார்கூடக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"படத்தைக் கழட்டச் சொல்லட்டுமா செல்வி?" என்றேன்.

"எதுக்குக்கா கழட்டணும்? இருக்கட்டும். பாண்டிச்சேரில நம்ம மூஞ்சியும் ஒரு செவுத்துல இருக்கட்டும். ஆனா கலர்ல போடச் சொல்லுங்க. டூருக்கு வந்தவங்கன்னு எழுதச் சொல்லுங்க. அது போதும்."

தம்பி மேஜைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். முதலில் எடுத்த படம். கலரில்.

எப்படிச் சொல்வேன்! திரை முழுக்க மயில் கழுத்து. அதில் மாம்பழ மஞ்சள் கோடு. தலை தலையாக மல்லிகைப்பூ. செல்வியின் மடியில் ரோஸ் நிறக் காற்றாடி. சுவரில் இருந்த படத்தில் இல்லாத ஓர் ஓரமும் இதில் இருந்தது. அந்த ஓரத்தில் ஒடிசாப் பெண் தலையில் கூலிங் கிளாஸை ஏற்றிவிட்டு, மடியில் ஓலைத் தொப்பியோடு, தூக்கத்திலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சின்னக் குழந்தை பார்த்தாலும் சொல்லும், டூர் என்று.

"ஓ..." என்றார் வெள்ளிக் கம்மல் அம்மையார்.

எனக்கோ, அடங்கியிருந்த கோபம் திரும்பவும் கிளம்பியது. தெரியாமல் செய்தார் என்றுதானே அதுவரை நினைத்திருந்தேன்? இல்லை. இந்தக் கலரைப் பார்த்துவிட்டுத்தான் கலரை எடுத்திருக்கிறார். அந்தக் கூலிங் கிளாஸைப் பார்த்துவிட்டுத்தான் ஓரத்தை வெட்டியிருக்கிறார்!

"ஏனுங்க தம்பி?" என்றேன். இந்தமுறை கத்தவில்லை. கத்த முடியவில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். அதற்காக மட்டும் அவருக்கு ஒரு மரியாதை. "சந்தோஷமா இருந்தா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க மேம்."

யோசித்துப் பாருங்கள். நானும் அந்தப் படத்தின் முன்னால் நின்றேனே... எதற்காக நின்றேன்? கலரில் இருந்திருந்தால் "யாரோ டூர் வந்திருக்காங்க" என்று கடந்துபோயிருப்பேன். மனசு கனக்க வேண்டும் என்றுதான் நம்மைப் போன்றவர்கள் டிக்கெட் எடுத்து ஊர் ஊராகப் போகிறோமோ? அந்தக் கனத்துக்கு யாராவது ஒருத்தி தன் நல்ல நாளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கே அட்டையைக் கழற்றிவிட்டார். தபால் அட்டைகளையும் ஸ்டாண்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். கலர்ப் படம் போட்டுவிட்டு போனில் அனுப்புகிறேன் என்றார். முந்தாநாள் கேட்டேன். "லேப்ல இருக்கு மேம்" என்கிறார். எந்த லேப் என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன். என்னை அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

இதற்கிடையில், இந்த வருஷ டூருக்கு வேன் தயாராகிறது. அதே பாண்டிச்சேரி. "நம்ம படம் கலர்ல மாட்டியிருக்கான்னு பாக்கணும்லாக்கா" என்கிறாள் செல்வி. என் சோபாவில் மறுபடியும் மாதிரிச் சேலைகள். தக்காளிக் கட்சித் தலைவி காப்பி குடிக்க வந்துவிட்டாள். ஆனால் இந்தமுறை சண்டையே இல்லை. கலரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, உள்ளங்கை அகலத்துக்குப் பூப்போட்ட சேலைகளையே எடுத்து எடுத்துப் பார்த்தார்கள்.

"ஏன் செல்வி, மயில் கழுத்துக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டேன்.

"கலரை நம்ப முடியலக்கா. பூவுன்னா கருப்பு வெள்ளைல எடுத்தாலும் டூருன்னு தெரியும்லா?"

தனக்குப் பிடித்த கலரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த பெண், இப்போது தன்னைப் பரிதாபமாகப் பார்க்காமல் இருக்க என்ன உடுத்த வேண்டும் என்று யோசிக்கிறாள். அந்தத் தம்பி இதைப் படித்தால் நல்லது.

நானும் இந்த முறை அவர்களோடு போகிறேன். எனக்கும் அதே பூப்போட்ட சேலைதான். ஜன்னல் ஓர சீட் கேட்டு வாங்கியிருக்கிறேன். மத்தியானம் புளியோதரை சாப்பிட்டதும் அவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்கட்டும்...

நான் முழித்திருப்பேன்.